உறையாத பால்

காலையில் ஜான்ரோஸ் பால் கறக்கப் போவதைப் பார்த்தால் ஏதோ ஆபரேஷன் செய்யப் போகிறவன் என்றுதான் தோன்றும். கையுறை, முகக்கவசம், வாளி கழுவ ஒரு மருந்துத் தண்ணீர், மடி துடைக்க இன்னொன்று. மஸ்கட்டில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையற்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் அவன். கிருமி என்றாலே எதிரி, கண்ட இடத்தில் கொல்ல வேண்டும் என்பது அந்தச் சமையற்கூடம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஊர் திரும்பி, திருவட்டாறு பக்கத்தில் அப்பா விட்டுப்போன ரப்பர் மரங்கள் நின்ற விளையின் ஓரமாகத் தொழுவம் போட்டு ஆறு பசு வாங்கினான். அந்தப் பாடத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தான்.

அன்றைக்குச் செவலைப் பசுவின் மடியில் ஒரு காம்பு லேசாகத் தடித்திருந்தது. மடிநோயின் ஆரம்பம். ஜான்ரோஸ் அலட்டிக்கொள்ளவில்லை. ஜன்னல் ஓரத்தில் இருந்த மருந்துக் குப்பியை எடுத்தான். மாட்டாஸ்பத்திரி டாக்டர் முன்பு வந்து ஊசி போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை அது. சீட்டு கேட்காமல் மருந்து கொடுக்கிற கடை ஒன்றும் டவுனில் அவனுக்கு அகப்பட்டிருந்தது. செவலைக்கு ஓர் ஊசி போட்டான். பக்கத்தில் நின்ற இரண்டுக்கும் நோய் வந்துவிடக் கூடாதே என்று அவற்றுக்கும் ஆளுக்கு ஒன்று போட்டான். அவை என்ன செய்யும் பாவம், தலையை ஆட்டிவிட்டு வைக்கோலைத் தின்றன.

“ஊசி போட்டா அஞ்சு நாளைக்கு அந்தப் பாலை யாருக்கும் கொடுக்காதீங்க. கன்னுக்குட்டிக்கும் வேண்டாம். கீழ ஊத்திருங்க” என்று அந்த டாக்டர் சொன்னது அவனுக்கு மறந்துபோயிற்று என்று சொல்லி நாம் அவனைத் தப்பவைக்க முடியாது. நன்றாகவே நினைவிருந்தது. பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கிற பாலை எந்த மடையன் கீழே ஊற்றுவான் என்று நினைத்தான். மூன்று பசுவின் பாலும் கேனுக்குள் போயிற்று. இப்படி அவன் செய்வது முதல் முறையும் அல்ல, இந்த மாதத்தில் முதல் முறையும் அல்ல.

ரோட்டு முக்கில் டீக்கடை வைத்திருந்த முத்துநாயகம் கேனை வாங்கும்போதே புகழ ஆரம்பித்துவிட்டார்.

“ஏலே ஜான்ரோசு, நேத்து கடையில ஃப்ரிட்ஜு வேல செய்யல்ல. நீ தந்த பாலு ராத்திரி முழுக்க வெளிய கெடந்து. போச்சுண்ணு நெனச்சேன். காலத்த பாக்கேன், அப்படியே இருக்கு. இந்த வெக்கையிலயும் பிரியல்ல பாத்துக்க!”

“அதாக்கும் ஹைஜீன், அண்ணாச்சி. கிருமி இருந்தாத்தானே பாலு கெடும்?”

“செரிதான். மத்தவனுவ பாலு உச்சி வெயிலுக்குள்ள நாறிரும்.”

ஜான்ரோஸுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு ராத்திரி முழுக்க வெக்கையில் கிடந்த பால் ஏன் கெடவில்லை என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. ஊரிலும் ஒருவர் யோசிக்கவில்லை. கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் அவன் பாலையே தேடி வாங்கினார்கள்.

அவன் வீட்டிலும் ஒரு குழந்தை உண்டு. நெடுநாள் காத்திருந்து, செய்யாத ஜெபமெல்லாம் செய்து, இனி இல்லை என்று மனசு விட்டுப்போன பிறகு பிறந்தவள் அஷ்லின். இரண்டு வயது நடக்கிறது. அப்பாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்கு வந்துவிடுவாள். காலையும் மாலையும் அவளுக்கு டம்ளர் நிறையப் பால். ஆனால் ஓணத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை தேறவே இல்லை. வயிறு இளகும், நிற்கும், மறுபடி இளகும்.

“நீங்க பாத்தியளா, பிள்ளைக்க கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு” என்றாள் அவன் மனைவி ஸ்மைலின். “நாகர்கோவிலுல ஒரு நல்ல டாக்டருகிட்ட கொண்டு காட்டுவமா?”

“பல்லு மொளைக்கதுக்க எளக்கமாக்கும் ஏட்டி. மருந்துக்கடையில தந்த அந்த ரோஸ் கலர் மருந்த குடு. போன மட்டம் நின்னுதுல்லா?”

நின்றதுதான். ஒவ்வொரு முறையும் அந்த மருந்து கொடுத்ததும் நின்றது. ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் சீக்கிரம் திரும்பி வந்தது. தொழுவத்தில் செவலையின் கன்றுக்கும் அதே கதை. அதன் வால் எப்போதும் ஈரமாக இருந்தது. அவன் கன்றுக்கும் ஓர் ஊசி போட்டான்.

அறுப்பின் பண்டிகை வந்தது. விளைச்சலைச் சபைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைத்து, ஏலம் விட்டு, மறுநாள் சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து அசனம் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள். ஜான்ரோஸ் இரண்டு நேரப் பாலையும் காணிக்கையாகக் கொடுத்தான். பந்தியில் புளிசேரிக்கும் மோருக்கும் தயிர் வேண்டும். பாலைக் காய்ச்சி, பக்குவமாக ஆறவைத்து, உறை மோர் ஊற்றி மூடிவைத்தவர் லீலாபாய். கணவனை இழந்தவர். அசனச் சமையலில் தயிர் அவர் பொறுப்பு என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம்.

காலையில் மூடியைத் திறந்த லீலாபாய் கரண்டியை விட்டார். கரண்டி தண்ணீரில் போவதுபோல் போயிற்று. முந்தின நாள் ஊற்றிய பால், ஊற்றியபடியே இருந்தது. புளிப்பும் இல்லை, வாடையும் இல்லை. அண்டா முழுக்க வெள்ளையாக, அசையாமல் கிடந்த அந்தப் பாலைப் பார்க்க அவருக்கு ஏனோ பயமாக இருந்தது.

“ஒறை ஊத்துனது நானாக்கும். என் வீட்டுல இதே ஒறையில நேத்து ஒறைஞ்சிருக்கு. இது என்ன கூத்துண்ணு தெரியல்லியே!”

பெண்கள் கூடினார்கள். வாய்கள் திறந்தன. தாலி இழந்தவள் கை, விளங்காத கை, இனியாவது வேறு யாரையாவது விடுங்கள் என்று அவர் காதுபடவே பேசினார்கள். வேதத்தை வாசித்து வாசித்து மனப்பாடம் செய்த பெண்கள்தான். ஆனாலும் நாக்கு அதன் பழைய வழியில்தான் போயிற்று. லீலாபாய் கையைக் கழுவிவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜான்ரோஸ் அண்டாவின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்ன வார்த்தை அவனுக்கு நினைவு வந்தது; இது ஊசி மருந்தின் வேலையோ என்று சந்தேகம் தட்டியது. சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் நாளைக்கு யார் பால் வாங்குவார்கள்? அவன் பைக்கை எடுத்துக்கொண்டு டவுனுக்கு ஓடி, பாக்கெட் தயிர் மூட்டையாக வாங்கி வந்து கொட்டினான். அசனம் தப்பியது. போதகர் நன்றி ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லி ஆசீர்வாதம் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னவர்களில் அவனும் ஒருவன்.

வீட்டுக்கு வந்தபோது செவலையின் கன்று தொழுவத்தில் காலை நீட்டிக் கிடந்தது. ஈக்கள் மொய்த்தன. அதைத் தொட்டுப் பார்த்து, செத்துவிட்டது என்று தெரிந்து எழுந்தபோது வீட்டுக்குள்ளிருந்து ஸ்மைலின் கூப்பிட்டாள்.

“இங்க வாருங்க, பிள்ளைக்கு மேலு கொதிக்கு. கண்ண தொறக்க மாட்டேங்கா!”

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அஷ்லினைச் சேர்த்தார்கள். குழந்தைகள் டாக்டர் ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர். பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், இரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார், கையில் ஊசி ஏற்றினார். குடலில் இருந்த கிருமி இரத்தத்துக்குள் ஏறியிருக்கிறது என்று சொன்னார். மருந்து போனது. சூடு இறங்கவில்லை. மறுநாள் மத்தியானம் பிள்ளையின் மூச்சு வேகமாயிற்று. விரல் நுனி நீலம் பூத்தது. கூப்பிட்டால் முனகியவள் இப்போது முனகக்கூட இல்லை.

டாக்டர் இருவரையும் தன் அறைக்கு வரச்சொன்னார்.

“செஃப்ட்ரியாக்சோன் கொடுத்தோம், கேக்கல. எந்த மருந்துக்குக் கேக்கும்னு பரிசோதனை முடிவு வர நாளைக்கு ஆகும். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. இப்போ கூட ஜென்டாமைசின் தொடங்கப் போறேன். இதுக்கு முன்னாடி குழந்தைக்கு என்னென்ன மருந்து கொடுத்தீங்க?”

ஸ்மைலின் ரோஸ் மருந்தைப் பற்றிச் சொன்னாள். எத்தனை தடவை என்று கேட்டார் டாக்டர். அவளுக்குக் கணக்குத் தெரியவில்லை. டாக்டரின் முகம் இறுகியது.

ஜான்ரோஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் சொன்ன இரண்டு பெயரும் அவனுக்குப் பழகிய பெயர்கள். இரண்டும் தொழுவத்து ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. முதலாவது கேட்காதபோது இரண்டாவது. நோய் இல்லாத பசுவுக்கும்கூட இரண்டையும் போட்டிருக்கிறான். சொல்ல வேண்டுமா? மாட்டுக்குப் போட்டது பிள்ளைக்கு எப்படி வரும் என்று தன்னையே ஏமாற்றப் பார்த்தான். வெளியே நர்ஸ் மருந்தை எடுத்துக்கொண்டு போவது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்த மருந்து பிள்ளைக்குள் போய்விடும். கேட்காவிட்டால் இன்னொரு நாள் போய்விடும். இன்னொரு நாள் அவளிடம் இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“டாக்டர், அது வேண்டாம்!” கத்தியே விட்டான். “அதும் கேக்காது. அத நான் எங்க வீட்டுல போட்டிருக்கேன். முந்தி போட்டதையும் போட்டிருக்கேன்.”

“யாருக்கு?”

“பசுவுக்கு.”

ஸ்மைலின் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அசனத்து அண்டா, செத்த கன்று, தினமும் தன் கையாலேயே பிள்ளைக்கு ஊட்டிய டம்ளர் எல்லாம் அந்தப் பார்வையில் ஒன்றுசேர்வதை அவன் கண்டான். அவளை அதற்குமேல் ஏறிட்டுப் பார்க்க அவனால் முடியவில்லை.

டாக்டர் எழுந்து போய் மருந்தை மாற்றிவிட்டு வந்தார். பிறகு உட்கார்ந்து, கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார்.

“நம்ம குடல்ல கோடிக்கணக்குல நுண்ணுயிர் குடியிருக்கு. மாட்டுக்கும் அப்படித்தான். சாப்பாட்டச் செரிக்க வைக்கறதும், கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்காமப் பாத்துக்கறதும் அதுங்கதான். தேவையில்லாம மருந்து போனா அந்த நல்லதெல்லாம் செத்துப் போகும். மருந்துக்குச் சாகாத கிருமி கொஞ்சம் மிஞ்சும். அப்புறம் காலி இடம் முழுக்க அதுக்குத்தான். பாலால வந்துதா, தொழுவத்துச் சாணத்தால வந்துதா, மருந்துக்கடை சிரப்பால வந்துதானு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. எல்லாம் சேந்து பண்ணின வேலை.”

“பாலு காய்ச்சித்தான் குடுப்போம்” என்றாள் ஸ்மைலின் மெல்ல.

“காய்ச்சினா கிருமி சாகும்மா. பால்ல கலந்த மருந்து போகாது.”

ஜான்ரோஸுக்குத் தன் ரப்பர் விளை ஞாபகம் வந்தது. புல்லை ஒழிக்க மருந்தடித்தான். ஒரு வாரத்தில் மண் மொட்டையாயிற்று. அப்புறம் முதலில் முளைத்தது முட்செடி. அதைத் தடுக்க வேறு ஒரு புல் இல்லாததால் விளை முழுக்க அதுவே படர்ந்தது. தன் பிள்ளையின் வயிற்றை அப்படி மொட்டையடித்தது தன் கைதான் என்று புரிந்தபோது அவன் அங்கேயே குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மறுநாள் பரிசோதனை முடிவு வந்தது. அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்த இரண்டு மருந்துக்கும் கிருமி அசையவில்லை. டாக்டர் மாற்றிக் கொடுத்த மருந்துக்கு மட்டும் அடங்கியது. அஷ்லின் கண்ணைத் திறந்தாள், தண்ணீர் கேட்டாள், பின்னால் ஒருநாள் அப்பாவின் சட்டைப் பையைப் பிடித்து இழுத்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சிரிக்கவில்லை.

“இந்தத் தடவை ஒரு மருந்து மிச்சம் இருந்துது. அதுக்கும் மேல எங்கிட்ட அதிகம் இல்ல. வயிறு பழையபடி ஆக மாசக்கணக்கு ஆகும். அதுவரைக்கும் பயந்துதான் இருக்கணும்.”

பிழைத்து வந்த பிள்ளைக்காகக் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்துச் சாட்சி சொல்வது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஜான்ரோஸை அழைத்தார். கர்த்தர் செய்த அற்புதத்தைக் கேட்கச் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. அவன் மைக்கைப் பிடித்தான்.

“பிள்ள பொழைச்சதுக்கு ஸ்தோத்திரம். ஆனா பிள்ளைக்கு அந்த நோவ குடுத்தது ஆருண்ணு சொல்லாம போனா நான் சொல்லுதது கள்ளச் சாட்சியாக்கும். குடுத்தது நான்.”

அவன் லீலாபாய் இருந்த பக்கம் திரும்பினான்.

“அண்ணைக்கு அசனத்துக்கு தயிரு ஒறையாததுக்கு லீலாபாய் அக்காக்க கையில ஒரு குத்தமும் இல்ல. நான் பசுவுக்கு போட்ட மருந்து பாலுல கெடந்து. ஒறை மோருல இருக்க உயிர அது கொன்னுப்போட்டுது. அப்பவே எனக்கு சந்தேகம் உண்டும். நான் வாய தொறக்கல்ல. நீங்க அக்காவ பேசுனிய, நான் கேட்டுட்டு நின்னேன். ஒரு அண்டா தயிர கொன்ன மருந்து நம்ம பிள்ளைகளுக்க வயித்துல போயி என்ன செய்யும்ணு அண்ணைக்கே நான் நெனச்சிருக்கணும். கிருமி எல்லாம் எதிரிண்ணு நெனச்சேன். நம்ம உயிர காத்துட்டு நிக்கதும் கிருமிதான்ணு எனக்கு தெரியாது. தெரிஞ்சுக்க நினைக்கவும் இல்ல. பசுவுக்கு நோவுண்ணா டாக்டர கூப்பிடுங்க. அவரு சொல்லுத நாள் வரைக்கும் அந்த பால கீழ கொட்டுங்க. பிள்ளைக்கு வயிறு எளகுனா மருந்துக்கடையில போயி நிக்காதீங்க. நான் நின்னேன். மருந்துக்கு அடங்காத கிருமிய வளத்து, எனக்க பிள்ளைய குழிக்கு பக்கத்துல வரைக்கும் கொண்டுபோனேன்.”

மூன்றாம் வரிசையில் ஓர் இளம் தாய், மடியில் இருந்த குழந்தையின் வாயிலிருந்து பால் புட்டியை மெல்ல உருவி எடுத்தாள். குழந்தை வீறிட்டு அழுதது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஞானையன் அவன் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார். ஞானையனுக்கும் பால் வியாபாரம்தான். பசு அவனைவிட அதிகம்.

“ஏலே, ஒனக்க பாவத்த நீ சொன்னே, செரி. ஊருல இருக்க பாலுக்காரன எல்லாம் எதுக்குடே சேத்து நாறடிச்சே?”

“நான் ஒம்ம பேர சொல்லல்லியே.”

“சொல்லாண்டாம். கேட்டவனுக்கு தெரியாதா? எனக்க கருப்பிக்கு மடி வீங்கி நிக்கி. நேத்து ஊசி போட்டேன். பாலு காலத்தயே ஹோட்டலுக்கு போயாச்சு. நம்ம ஊருக்கு நான் குடுக்கல்லியே. திருவட்டாறு கோயில் பாக்க வாற வெளியூர்க்காரன்தான் அங்க சாயா குடிப்பான். அவனுக்கு என்ன வந்தா நமக்கென்ன?”

அந்தப் பக்கமாக வந்த லீலாபாய் நின்றார். சபையில் தன் பெயர் சுத்தமானதைக் கேட்டுவிட்டு வந்தவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை.

“ஞானையண்ணே, அந்த வெளியூர்க்காரன் சாயா குடிச்சிட்டு பஸ்சுலதான் போவான். அதே பஸ்சுல ஒம்ம மவளும் பிள்ளைய மடியில வச்சிட்டு போவா. மருந்துக்கு அடங்காத கிருமி ஒருத்தன் வயித்துல வளந்தா, அது அவனோட நிக்காது. பசுவுக்க வயிறு, பிள்ளைக்க வயிறு, ஊருக்க வயிறு எல்லாம் ஒண்ணாக்கும். ஒண்ணுல நல்ல உயிர கொன்னா எல்லாத்துலயும் கெட்டது வந்து குடியேறும். இனி அந்த ஊசிய தொடுததுக்கு முந்தி இத நெனச்சுக்கிடும்.”

ஞானையன் கோயில் வாசலைப் பார்த்தார். அவர் மகள் கைக்குழந்தையோடு அவருக்காகக் காத்து நின்றாள். அவர் போனை எடுத்தார்.

“ஹலோ, ஞானையனாக்கும். காலத்த தந்த பாலு இருக்கா?”

“எப்பவே தீந்து போச்சு அண்ணாச்சி” என்றது ஹோட்டல்காரரின் உற்சாகமான குரல். “இண்ணைக்கு ஸ்கூல் பிள்ளைக ரெண்டு பஸ்சுல வந்தாவ. எல்லாவனுக்கும் பாலுதான். நாளைக்கு கூடுதலா தரணும்.”

ஞானையன் மகளின் கைக்குழந்தையைத் திரும்பிப் பார்த்தார்.

“நாளைக்கு பாலு கெடையாது” என்று சொல்லிப் போனை வைத்தார். அந்த இரண்டு பஸ்ஸும் எந்த ஊரிலிருந்து வந்தவை என்று கேட்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.